முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

"என் பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல டாக்டர்." நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா சொன்னது இதுதான். மடியில் இருந்த குழந்தைக்கு அன்று 20 வாரம். பரிந்துரைக் கடிதத்தில் ஒரே வரி: "கண்ணோடு கண் பார்ப்பதில்லை." அதன் கீழே ஆட்டிசம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியை அம்மா பத்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறார்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வருவது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. ஒரே மாதிரியான சிக்கலோடு வந்த சில குடும்பங்களிடம் கண்டதைச் சேர்த்து ஒன்றாக எழுதியிருக்கிறேன். அதனால் வயது, எடை, நாள்கணக்கு எல்லாம் யாருடைய கோப்பிலிருந்தும் அப்படியே எடுத்தவை அல்ல.

பிறப்பும் முதல் 24 நாளும்

பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து 33 வாரத்தில் பிறந்தவள். எடை 1,850 கிராம். இரண்டு நாள் மூச்சுக்கு உதவி தேவைப்பட்டது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவது சுமார் 34 வாரத்தை ஒட்டித்தான். அதனால் முதலில் குழாய் வழியாகவே பால். மொத்தம் 24 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். தலை ஸ்கேன், விழித்திரைப் பரிசோதனை, செவிப் பரிசோதனை எல்லாம் இயல்பு. குறைமாதக் குழந்தைகளுக்கு அவ்வப்போது சில வினாடிகள் மூச்சு நின்று நின்று வருமே, அது இவளுக்கும் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே அதுவும் நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை எழுதித் தந்த சுருக்கத்தில் அரை வரிதான் அதைப் பற்றி. அந்த அரை வரியை முதல் நாள் நான் படித்துவிட்டுக் கடந்துபோனேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கணக்குப் பார்க்கலாம்

40 வாரத்தில் பிறந்திருக்க வேண்டியவள் 33இல் பிறந்தாள் என்றால் ஏழு வாரம் முந்திவிட்டாள். 20இலிருந்து அந்த ஏழைக் கழித்தால் 13 வாரம். இதைத்தான் திருத்திய வயது என்கிறோம். வளர்ச்சியைப் பார்க்கும்போது பொதுவாக இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தை என்று நினைத்துப் பார்த்தால் பின்தங்கியவளாகத் தெரிவாள். மூன்று மாதக் குழந்தை என்று பார்த்தால் கதையே வேறு. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும். திருத்திய வயதில் இவளுக்கு அது ஏழாவது வாரத்திலேயே வந்திருக்கிறது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பதில்தான் வீட்டில் பிரச்சினை. அப்பாவைப் பார்த்து.

பரிசோதனை

விழித்திருந்தாள், நிறம் நன்றாக இருந்தது. சிவப்புப் பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கண்ணாலேயே துரத்தினாள். கிலுகிலுப்பைச் சத்தத்துக்கு அசைவை நிறுத்திக் கவனித்தாள். குப்புறப் படுக்கவைத்தால் தலையைத் தூக்கினாள். கைகளை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து தானே பார்த்துக்கொண்டாள். "ங்கா" இருந்தது. தசை இறுக்கத்திலும் அனிச்சைச் செயல்களிலும் குறையில்லை.

பிறகு நான் வழக்கம்போல முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பேசினேன். மூன்று வினாடி பார்த்தாள். தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் போய் "இங்க பாரு, இங்க பாரு" என்றேன். இந்தப் பக்கம் திரும்பினாள். நானும் இந்தப் பக்கம் வந்தேன். அவளுக்கு விக்கல் எடுத்தது. விரல்கள் ஐந்தும் அகல விரிந்தன. புருவம் சுருங்கியது. அம்மா சொன்னார்: "பாத்தீங்களா, இப்படித்தான்."

பார்த்தேன். அதில் பாதி என்னால் வந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாலையில் குறிப்பு எழுதும்போதுதான் உறைத்தது.

மூன்று நிமிட வீடியோ

அடுத்த வாரம், குழந்தை பசியாறித் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து வரச் சொன்னோம். சாய்ந்த சிறு இருக்கையில் அவளை வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி. இரண்டு பேர் முகமும் ஒரே சட்டகத்தில் விழும்படி மொபைலில் பதிவு செய்தோம். அம்மாவோடு மூன்று நிமிடம், சற்று இடைவெளி விட்டு அப்பாவோடு மூன்று நிமிடம். "வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்பது மட்டும்தான் அறிவுரை.

அம்மாவோடு: குழந்தை அம்மாவைப் பார்க்கிறாள். அம்மாவின் முகம் மலர்கிறது, உடனே குரல் உயர்கிறது, முகம் நெருங்குகிறது, கை குழந்தையின் கன்னத்துக்குப் போகிறது. எல்லாம் ஒரே நேரத்தில். நான்காவது வினாடியில் குழந்தை தலையைத் திருப்புகிறாள். அம்மா அந்தப் பக்கம் சாய்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கிலுகிலுப்பையை எடுக்கிறார். குழந்தை மறுபக்கம் திரும்புகிறாள். அம்மா தாடையைப் பிடித்து மெதுவாக நேரே திருப்புகிறார். குழந்தை கண்ணை மூடிக்கொள்கிறாள். அம்மாவின் முகம் சட்டென்று விழுந்துவிடுகிறது. எட்டு வினாடி அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த எட்டு வினாடியில், ஆறாவது வினாடியில், குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவை நேராகப் பார்க்கிறாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

இதை நான் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அப்பாவோடு நடந்தது இன்னும் எளிது. இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார் மனிதர். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு மகளைப் பார்த்தார். மகள் பார்த்தாள், திரும்பினாள், அப்பா அசையவில்லை, மகள் மறுபடி பார்த்தாள். "ங்" என்றாள். அவரும் "ங்" என்றார். அவ்வளவுதான், சிரித்துவிட்டாள். அவருக்குக் குழந்தை வளர்ப்பில் ஏதோ தனித் திறமை இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் செய்தது சும்மா இருந்ததுதான்.

ஏன் திரும்புகிறாள்

1970களில் பீட்ரிஸ் பீபி, டேனியல் ஸ்டெர்ன் இருவரும் தாயும் நான்கு மாதக் குழந்தையும் எதிரெதிரே இருக்கும் காட்சியைப் படமெடுத்து, சட்டகம் சட்டகமாக நிறுத்தி ஆராய்ந்தார்கள். தாய் நெருங்க நெருங்கக் குழந்தை நழுவுவதையும், நழுவ நழுவத் தாய் துரத்துவதையும் விவரித்தார்கள். எங்கள் வீடியோவில் இருந்தது அச்சு அசலாக அதுதான்.

குழந்தையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு டிஃபனி ஃபீல்டு 1981இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. நேருக்கு நேர் விளையாடும்போது குழந்தைகளின் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பதிவு செய்தார். முகத்தைத் திருப்புவதற்குச் சற்று முன் துடிப்பு ஏறுகிறது. திருப்பியபின் இறங்குகிறது. அதாவது பார்வையை விலக்குவது குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி. மூன்று மாதக் குழந்தைக்கு எழுந்து போக முடியாது, "கொஞ்சம் இரு" என்று சொல்லவும் முடியாது. கழுத்தும் கண்ணும் மட்டும்தான் அவள் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். குரல், முகம், தொடுதல் மூன்றும் சேர்ந்து வந்தால் சீக்கிரமே நிரம்பி வழிந்துவிடுகிறார்கள். விக்கல், கொட்டாவி, தும்மல், விரல் விரிப்பு, முதுகை வில்லாக வளைப்பது எல்லாம் "போதும்" என்பதன் வெவ்வேறு எழுத்துகள்.

சரி, ஆட்டிசம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பிற்பாடு ஆட்டிசம் உறுதியான குழந்தைகளில், கண்களைப் பார்க்கும் நேரம் 2 முதல் 6 மாதத்துக்குள் படிப்படியாகக் குறைந்து வந்ததை வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013இல் காட்டினார்கள். ஆனால் அது பல குழந்தைகளைத் தொகுத்துக் கண்ட போக்கு. ஒரு குழந்தையை ஒரு நாள் பார்த்து முடிவு சொல்லும் பரிசோதனை அல்ல. இவளுடைய பார்வை ஆளுக்கு ஆள் மாறியது, எதிரில் இருப்பவரின் வேகத்துக்கு ஏற்ப மாறியது. விட்டுவிட்டால் தானே திரும்பி வந்தது. இந்த மூன்றும் எனக்கு நம்பிக்கை தந்தன. இருந்தாலும் பெற்றோரிடம் "இல்லை" என்று சொல்லவில்லை. "இன்று இதை அப்படிப் பார்க்கக் காரணம் இல்லை. இரண்டு வயது வரை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்" என்றேன். அம்மாவுக்கு முதல் வாக்கியம் போதவில்லை, இரண்டாவதுதான் போதுமானதாக இருந்தது.

அம்மாவைப் பற்றி

எடின்பரோ அளவுகோலை நிரப்பச் சொன்னோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைச் சல்லடை போட்டுப் பார்க்க 1987இல் வெளியான பத்துக் கேள்விகள் அவை. கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்பவை. அதிகபட்சம் 30. 13 அல்லது அதற்கு மேல் என்றால் கூர்ந்து கவனிக்க வேண்டும். இவருக்கு 16. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம். அதைத் தாளோடு விட்டுவிடாமல் நேரிலும் கேட்டேன். இல்லை என்றார், நம்பும்படியாக இருந்தது. தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்த்தோம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு ஏறி இறங்குவது மனச்சோர்வு மாதிரியே வேடம் போடும். இரண்டும் சரியாக இருந்தன. மனநல மருத்துவர் பேச்சுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு என்று விளக்கினார். முதலில் பேசிப் பார்க்கிறேன் என்றார் அம்மா. அப்படியே செய்தோம்.

மனச்சோர்வு என்றால் தாய் ஒதுங்கிப்போவார், குழந்தையைத் தொடவே மாட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சிலர் இருப்பார்கள். இவரைப் போல ஓயாமல் கொஞ்சுபவர்களும் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாசமான, சுறுசுறுப்பான அம்மா. முன்பு போன ஓரிடத்தில் "நிறையப் பேசுங்க, நிறைய விளையாட்டுக் காட்டுங்க, தூண்டல் போதல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தூண்டலே சிக்கலாக இருந்த இடத்தில் தூண்டலை மருந்தாகக் கொடுத்தார்கள். இவரும் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்திருக்கிறார்.

என்ன செய்தோம்

பத்து வாரத்தில் ஆறு சந்திப்பு. முதலாவதை நான் கெடுத்துவிட்டேன். வீடியோவில் துரத்தலும் நழுவலும் அவ்வளவு தெளிவாக இருந்ததால், அதையே முதலில் போட்டுக் காட்டினேன். நான் விளக்கி முடிக்கவில்லை, அம்மா அழத் தொடங்கிவிட்டார். "அப்ப நான்தான் காரணம்." வீடியோவை வைத்து வேலை செய்யும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது, நன்றாக இருக்கும் நொடியிலிருந்து தொடங்கு என்பது. தெரிந்தும் தவறினேன். என் கண்டுபிடிப்பில் நானே மயங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை.

அடுத்த முறை அந்த ஆறாவது வினாடியை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அம்மா தரையைப் பார்க்க, குழந்தை கண் திறந்து அம்மாவை நேராகப் பார்க்கும் நொடி. திரையை நிறுத்தி, எதுவும் சொல்லாமல் இருந்தேன். அம்மா வெகுநேரம் பார்த்தார். "இது எப்ப எடுத்தது?" என்றார். அதே வீடியோதான் என்றேன். "என்னையா பாக்குறா?" அறையில் வேறு யாரும் இல்லையே என்றேன்.

பயிற்சி என்று கொடுத்தது ஒன்றே ஒன்று. குழந்தை என்ன செய்கிறாளோ அதை மட்டும் திருப்பிச் செய்யுங்கள். அவள் நாக்கை நீட்டினால் நீங்களும் நீட்டுங்கள். ஒலி எழுப்பினால் அதே ஒலி. திரும்பிக்கொண்டால் நீங்களும் சும்மா இருங்கள், அவள் வரும்வரை. இது நான் கண்டுபிடித்ததல்ல. அதே ஃபீல்டு 1977இல் செய்த ஆய்வில் தாய்மாரிடம் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். குழந்தையின் கவனத்தை ஈர்க்கப் பாருங்கள் என்றபோது தாயின் அசைவு கூடியது, குழந்தை பார்ப்பது குறைந்தது. குழந்தை செய்வதை அப்படியே செய்யுங்கள் என்றபோது தாயின் வேகம் தானாகக் குறைந்தது, குழந்தை அதிகம் பார்த்தது. அந்தக் குழந்தைகளிலும் குறைமாதத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, தாயிடம் "குறைத்துக்கொள்" என்று சொல்லவே வேண்டியதில்லை என்பது. வேலை ஒன்றைக் கொடுத்தால் போதும், குறைப்பது தானே நடந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மொபைலில் நேரம் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பது போல, தினம் மூன்று வேளை செய்திருக்கிறார். குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருந்தபோதும் நேரம் ஆகிவிட்டதே என்று உட்கார்ந்திருக்கிறார். மணி பார்க்காதீர்கள், அவள் கண் தெளிந்து கைகால் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள் என்று மாற்றினோம். அது ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அன்று லீவு.

நான்காவது சந்திப்பு

குழந்தை திரும்பிக்கொண்டாள். அம்மா சும்மா இருக்க முயன்றார். ஐந்து வினாடி தாங்கினார். பிறகு அவர் கை தானாகக் கீழே போய்க் குழந்தையின் உள்ளங்காலை இரண்டு தட்டு தட்டியது. முந்தைய வீடியோக்களிலும் அது இருக்கிறது, நான் கொஞ்சல் என்றே எண்ணியிருந்தேன்.

"கால ஏன் தட்டுறீங்க?" என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அங்க நர்ஸ் அப்படித்தான் தட்டுவாங்க."

அந்த அரை வரி. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு நின்றால் முதலில் செய்வது உள்ளங்காலைத் தட்டுவதும் முதுகைத் தடவுவதும்தான். பெரும்பாலும் அதிலேயே மூச்சு திரும்பிவிடும். 24 நாளில் அதை அவர் எத்தனை முறை பார்த்தாரோ. குழந்தை அசையாமல் போகிறாள், மானிட்டர் கத்துகிறது, யாரோ ஓடி வருகிறார்கள், காலைத் தட்டுகிறார்கள், மூச்சு வருகிறது. "அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல டாக்டர். அந்தப் பச்சை எண்தான் ஞாபகம் இருக்கு." வீட்டுக்கு வந்தபின் மானிட்டர் இல்லை. ஆகவே இவரே மானிட்டர் ஆகிவிட்டார். குழந்தை அமைதியானால், கண்ணை விலக்கினால், அவருடைய உடம்புக்குள் அந்த மணி அடிக்கிறது. அவர் குழந்தையைத் துரத்தவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே செயல். குழந்தைக்கு அது இளைப்பாறல், அம்மாவுக்கு அது அபாயம். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று குழந்தை சொல்ல, "மூச்சு நிற்கிறது" என்று அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. முதல் நாள் அவர் சொன்ன வாக்கியத்தை, பிடிக்கவில்லை என்பதை, நான் அப்படியே எடுத்துக்கொண்டது தவறு. அது பயத்தின் மேல் போர்த்திய போர்வை.

அன்றிலிருந்து பயிற்சி சற்று மாறியது. குழந்தை திரும்பிக்கொண்டதும் காலைத் தட்டுவதற்குப் பதில் வயிற்றைப் பாருங்கள் என்றேன். வயிறு ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்குகிறது. சரி, இன்னும் இரண்டு மூச்சு எண்ணுங்கள். பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது மூச்சுக்குள் குழந்தை தானாகத் திரும்பினாள். இந்தச் செய்தியை அவருடைய மனநல மருத்துவருக்கும் தெரிவித்தோம். அவர்களுடைய பேச்சும் அதற்குப் பிறகு அந்த 24 நாளை நோக்கிப் போனது. மனச்சோர்வு என்று மட்டும் பெயரிட்டிருந்த ஒன்றில் அதிர்ச்சியின் பங்கும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை வைத்திருந்த பெற்றோரிடம் அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. அப்பாவிடமும். இந்த அப்பாவிடம் நான் கேட்டது மிகத் தாமதமாக. அவர் இரவு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியிருக்கிறார், இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை என்பதற்காக.

இசைவு எவ்வளவு வேண்டும்

ஐந்தாவது சந்திப்பில் அம்மா சொன்னார், "இப்பவும் பாதி நேரம் தப்பாத்தான் போகுது." போகட்டும் என்றேன். தாய் முகத்தை அசைக்காமல் கல்லாக வைத்துக்கொண்டால் குழந்தை என்ன செய்யும் என்ற 1978ஆம் ஆண்டு ஆய்வால் பெயர் பெற்ற எட்வர்ட் டிரானிக், சாதாரண விளையாட்டையும் அளந்து பார்த்திருக்கிறார். நன்றாகப் பழகும் தாயும் குழந்தையும்கூட ஒரே தாளத்தில் இருப்பது சுமார் 30 சதவீத நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதும். பிரிந்தது மறுபடி சேரும் என்பதைக் குழந்தை அந்த மிச்ச நேரத்தில்தான் கற்கிறது. அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். "முப்பதா? பாஸ் மார்க் கூட இல்லையே!"

பின்தொடர்தல்

பத்தாவது வாரம் மறுபடி மூன்று நிமிட வீடியோ. குழந்தை திரும்புவது நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. திரும்பினாள், அம்மா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார், குழந்தை வந்தாள். மூன்றாவது முறை வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். அளவுகோலில் அம்மாவின் மதிப்பெண் 8.

திருத்திய வயது 9 மாதத்தில் தவழ்ந்தாள். என் அறையில் இருந்த மர வண்டியை நோக்கிப் போனவள், பாதி வழியில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா தலையை அசைத்தார். என்னைக் கண்டதும் அழுதாள். அந்த வயதில் தெரியாத முகத்துக்கு அழுவது நல்ல செய்திதான், டாக்டர்களுக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

18 மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விப்பட்டியலில் கவலைப்பட ஒன்றும் இல்லை. விரலால் சுட்டிக்காட்டுகிறாள், காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாரா என்று பார்க்கிறாள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. அடுத்து 24இல் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது கதவருகே நின்று அம்மா ஒரு புகார் சொன்னார்: "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் தூங்கவே மாட்டேங்குறா டாக்டர்." நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்டேன். "நான் பத்துக்கே தூங்கிடுறேன், அவங்கப்பாதான் மாட்டிக்கிறார்." கோப்பில் அதையும் எழுதிவைத்தேன்.